அயோவாவில் ரெண்டு விசில்

இந்தப் பெட்டியைக் கொஞ்சம் காலுக்கடியில தள்ளிக்கிறேன் சார், கோவிச்சுக்கிடாதீங்க. மேல வைக்கலாம்தான். ஆனா மேல வச்ச பெட்டி எந்தத் திருப்பத்துல யாரு தலையில விழும்னு எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் இதே ரூட்ல கண்டக்டரு. மதுரை - அருப்புக்கோட்டை. இப்ப ரிட்டயர்டு. பேரு சவுந்தரபாண்டி. டெப்போவுல வெறும் சவுந்தரபாண்டின்னு கேட்டா எவனுக்கும் தெரியாது. ஆருடம் சவுந்தரபாண்டின்னு கேக்கணும்.

இந்தக் கோட்டைத்தானே பாக்குறீங்க? இந்த வெயில்ல இவன் ஏன் கம்பளிக் கோட்டோட வேகுறான்னு நினைக்கிறீங்க. பெட்டியில எடம் இல்ல சார், அதான் மாட்டிக்கிட்டேன். அமெரிக்காவுல இருந்து வர்றேன். இப்பத்தான் மதுரை ஏர்போர்ட்ல எறங்கி, ஆட்டோ பிடிச்சு ரிங் ரோட்டுக்கு வந்தேன். மக கார் ஏற்பாடு பண்றேன்னுச்சு. வேண்டாம்னுட்டேன். நம்ம ரூட்ல நாமளே கார்ல போனா அப்புறம் பஸ்ஸுல எவன் ஏறுவான்?

ஆறு மாசம் இருக்கலாம்னு போனது. ரெண்டரை மாசத்துல வந்துட்டேன். குளிரு சார். வேற ஒண்ணும் இல்ல, குளிருதான். எங்க வீட்டம்மா அங்கதான் இருக்கா. அவளுக்குக் குளிரலையாம்.

சரி, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. மாப்ள எங்கிட்டப் பேச மாட்டேங்கிறாரு. நான் என்ன தப்பு பண்ணேன்னு நீங்களே நியாயம் சொல்லுங்க. முழுசாக் கேட்டுட்டுத்தான் சொல்லணும். நீங்க எங்க எறங்கணும்? அருப்புக்கோட்டையேவா? அப்ப நேரம் இருக்கு.

ஆருடம்னா கிளி ஜோசியம் இல்ல சார். கட்சியில யாருக்கு சீட்டுன்னு சொல்றது. எலெக்சன்ல யாரு ஜெயிப்பான்னு எல்லா டீக்கடையிலயும் சொல்லுவான், அது ஒண்ணும் பெருசில்ல. அதுக்கு முந்தி, ஒரே கட்சியில பன்னெண்டு பேரு விருப்ப மனு குடுத்துட்டு, பன்னெண்டு பேரும் 'தலைமை என்னையத்தான் சொல்லியிருக்கு'ன்னு திரிவான் பாருங்க, அப்ப சொல்லணும். அதுதான் வித்தை. நான் சொல்லுவேன். நேர்காணலுக்கு மெட்ராஸ் போறவன் எல்லாம் நம்ம வண்டியிலதானே மதுரைக்கு வருவான், ரயிலேற? நாப்பது பேரைக் கூட்டிக்கிட்டு, மாலையும் கோஷமுமா ஏறுறான் பாருங்க, அவனுக்குக் கெடைக்காது. ஒரு பையை மடியில வச்சுக்கிட்டு, தனியா உக்காந்து, 'ஒரு மதுரை'ன்னு மெதுவாச் சொல்லுறான் பாருங்க, பட்டியல்ல அவன் பேருதான் இருக்கும்.

தப்பாதான்னு கேட்டா, தப்பும். இல்லேங்கல. ஒரு தடவ நான் சொன்ன ஆளுக்குக் கெடைக்காம அவரு மச்சானுக்குக் கெடைச்சுச்சு. வீடு சரி, ஆளுதான் மாறிப்போச்சு. இன்னொரு தடவ நான் சொன்னவரு நேர்காணலுக்கு மொத நாளே வேற கட்சிக்குப் போயிட்டாரு. போன எடத்துல சீட்டுக் கெடைச்சுச்சு. சீட்டு வரும்னுதானே சொன்னேன், எந்தக் கட்சின்னு சொன்னேனா? இதையெல்லாம் தப்புன்னு கணக்கு வைக்கிறவன் ஒருத்தன் இருக்கான். பிச்சைமணின்னு, என் வண்டி டிரைவரு. அவன் பொறாமை பிடிச்சவன், விடுங்க.

இன்னொண்ணும் சொல்லணும், அது கதைக்கு வேணும். தலை எண்ணுறது. முன்வாசல்ல நின்னு வண்டிக்குள்ள ஒரு பார்வை பாப்பேன். எழுபத்து மூணுன்னா எழுபத்து மூணுதான். மடியில இருக்குற பிள்ளைக தனி. செக்கிங் வர்ற இன்ஸ்பெக்டரே என்னையக் கேட்டுட்டுத்தான் எழுதுவாரு.

இப்ப மாப்ளைக்கு வர்றேன். திருமேனிநாதன். திருச்சுழிக்காரரு. பதினாலு வருஷமா அமெரிக்காவுல. போன வருஷந்தான் குடியுரிமை கெடைச்சுச்சு. எம் மக வாசுகிக்கு இன்னும் வரல. அங்க எல்லாரும் அவரை நேதன், நேதன்னுதான் கூப்பிடுறான். திருமேனி எங்க போச்சுன்னு தெரியல. தங்கமான மனுசன் சார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு. பேசாம இருக்குறதுக்கு ஆளு வேணும்னா அவரைத்தான் கேக்கணும். அதான் அவரு கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருந்தப்போ எனக்கே நாலு நாளு கழிச்சுத்தான் வெளங்குச்சு.

அவங்க இருக்குறது அயோவான்னு ஒரு மாநிலம். பூராச் சோளக்காடு. நான் போனப்போ சோளமும் இல்ல, வெறும் பனி. அங்க பிரசிடெண்டுக்கு யாரை நிறுத்துறதுன்னு கட்சித் தலைமை உக்காந்து முடிவு பண்றதில்லையாம். மாநிலம் மாநிலமா கட்சி ஆளுககிட்டயே கேக்கணுமாம். முன்னாடியே கேக்குற ஊருல அயோவாவும் ஒண்ணு. எப்பிடிக் கேப்பாங்கன்னு நினைக்கிறீங்க? ஓட்டுச் சீட்டு இல்ல, மிஷின் இல்ல, மையி இல்ல. அந்தந்த ஏரியாக்காரன் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கு வரணும். இந்த ஆளு வேணும்கிறவன் இந்த மூலை. அந்த ஆளு வேணும்கிறவன் அந்த மூலை. நின்னா எண்ணுவாங்க. நூத்துக்குப் பதினஞ்சு பேரு சேராத மூலை செல்லாது. கலைச்சு விட்டுருவாங்க, வேற மூலைக்குப் போகணும். அம்புட்டுதான்.

மாப்ள இதைச் சொன்னப்போ எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. தலை எண்ணுறது, யாருக்கு சீட்டுன்னு சொல்றது. ரெண்டும் நம்ம தொழிலு. இதுக்காகத்தான் மாரியாத்தா என்னையப் பிளேன் ஏத்தி விட்டிருக்கான்னு நினைச்சேன்.

போட்டியில நாலு பேரு. பேரெல்லாம் நம்ம வாயில நுழையாது, நானா ஆளுக்கொரு பேரு வச்சுக்கிட்டேன். அதுல ரெண்டு பேரை நீங்க ஞாபகம் வச்சுக்கிட்டாப் போதும். ஒருத்தரு நெட்டையரு. பழைய கவர்னரு. அவருதான் நம்ம மாப்ள ஆளு. இன்னொருத்தங்க கண்ணாடியம்மா.

மாப்ள சும்மா ஆதரவு இல்ல சார். அவருதான் அந்தப் பள்ளிக்கூடத்துல நெட்டையரு மூலைக்குப் பொறுப்பு. அந்தப் பனியில வீடு வீடாப் போயிக் கதவைத் தட்டுவாரு. மூக்கு மொளகாப்பழமாட்டம் செவந்து திரும்பி வருவாரு. நாப்பது நாளு. மூலை தேறுச்சுன்னா, அந்த மூலை சார்பா மாவட்டக் கூட்டத்துக்கு ஒருத்தரை அனுப்புவாங்க. அது நேதன்தான்னு எல்லாரும் பேசி வச்சிருந்தாங்க. கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகுறதை நானே பாத்தேன். "பதினாலு வருஷம் ஓரமா நின்னு வேடிக்கை பாத்தேன் மாமா, மொத தடவையா உள்ள நிக்கப் போறேன்"ன்னாரு. அவரு அம்புட்டு நீளமா ஒரு பேச்சுப் பேசி நான் அன்னைக்குத்தான் கேட்டேன்.

நான் என்ன செய்ய? தொழிலு தெரிஞ்சவன் பொய் சொல்ல முடியுமா? நெட்டையரு அந்த ஊருக்கு வந்தப்போ நானும் போயிப் பாத்தேன். பெரிய பஸ்ஸு, பேண்டு வாத்தியம், பின்னாடி நாப்பது பேரு. கண்ணாடியம்மா நூலகத்துக்குப் பேச வந்துச்சு. தனியா வந்துச்சு. தோள்ல ஒரு பை. எனக்கு அங்கேயே முடிவு தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கே பிச்சைமணிக்குப் போனைப் போட்டேன். "நெட்டையரு எங்க மாப்ள நிக்கிற பள்ளிக்கூடத்துலயே தேற மாட்டாருடா"ன்னேன். "தேறிட்டா?"ன்னான். "தேறிட்டா இனிமே ஆருடமே சொல்ல மாட்டேன், வாயைக் கட்டிக்கிறேன்"னேன். டெப்போவே கேக்கட்டும்னு போனை ஸ்பீக்கர்ல போட்டு மறுபடியும் சொல்லச் சொன்னான் படுபாவி. சொன்னேன்.

கூட்டத்தன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கார்ல போகும்போது மாப்ளகிட்டயும் சொன்னேன். "மாப்ள, நெட்டையரு தேற மாட்டாரு. மனசைத் தேத்திக்கோங்க." அவரு ரோட்டைப் பாத்தே ஓட்டுனாரு. வாசுகிதான், "அப்பா, நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வர்றீங்களா"ன்னுச்சு. நல்லதுக்குக் காலமில்ல.

எங்க வீட்டம்மா நூத்தம்பது ஆமவடை சுட்டிருந்தா. மாப்ளதான் கேட்டாரு. மூலையில பலகாரம் இருந்தா, இன்னும் முடிவு பண்ணாதவங்க நாலு பேரு வந்து நிப்பாங்களாம். எல்லா மூலைக்காரனும் எதாச்சும் கொண்டு வருவானாம். அப்ப அந்த ஊரும் நம்ம ஊருதான்னு நினைச்சுக்கிட்டேன். "மாமா, இதை நம்ம மூலையில வைங்க"ன்னு சொல்லி வடைச் சம்படத்தை எங்கிட்டக் குடுத்துட்டு, நெட்டையரு படம் போட்ட அட்டையைத் தூக்கிக்கிட்டு மாப்ள முன்னாடி போயிட்டாரு.

கேளுங்க சார். மாப்ள மூலையில மேசை கெடையாது. மேசை, நாற்காலி, சுடுகாத்து வர்ற கம்பி எல்லாம் எதிர் மூலையில இருக்கு. எண்ணெய்ப் பண்டத்தைக் கொண்டுபோயித் தரையிலயா வைப்பாங்க? மேசையில வச்சேன். அது கண்ணாடியம்மா மூலைன்னு அங்க அட்டை இருந்துச்சு. இருந்துச்சு. மேசைக்கு ஏது கட்சி?

எனக்குச் சட்டையில 'பார்வையாளர்'னு ஒட்டி, சுவரோரம் எம் மகளோடயும் வீட்டம்மாவோடயும் உக்காரச் சொன்னாங்க. உக்காந்தேன். ஒரு நிமிஷம் உக்காந்தேன். அதுக்கு மேல முடியல சார். கூட்டம் வர்றான், வர்றவன் எல்லாம் வாசல்லயே நிக்கிறான். பின்னால வர்றவன் வெளியில பனியில நிக்கிறான். உள்ள அம்புட்டு எடம் சும்மா கெடக்கு. இதை ஒரு கண்டக்டரு பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா? எந்திரிச்சுப் போயி, "படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ, பின்னால எடம் இருக்கு"ன்னேன். தமிழ்லதான் சொன்னேன். ஒருத்தனும் என்னன்னு கேக்கல. கையைக் காட்டுன பக்கம் போனான். அங்க வடை இருந்துச்சு. போனவன் திரும்பி வரல.

அந்தக் கூட்டத்தை நடத்துறது டோரிஸ்னு ஒரு அம்மா. முன்னாடி பி.டி. டீச்சராம், கழுத்துல விசிலு தொங்குது. "நேரம் முடிஞ்சதும் விசிலடிப்பேன். அடிச்சா எல்லாரும் நின்ன எடத்துல அப்பிடியே நிக்கணும், அப்புறம் எண்ணுவோம்"னுச்சு. வாசுகிதான் எனக்குத் தமிழ்ல சொன்னா. மொத்தம் நூத்தியிருபது பேரு. அப்ப மூலைக்குப் பதினெட்டு வேணும். நான் மாப்ள மூலையைப் பாத்தேன். பத்தொம்பது. டோரிஸ் விரலை விட்டு எண்ணுறதுக்கு முந்தியே எண்ணிட்டேன். பத்தொம்பதேதான்.

அந்தப் பத்தொம்பதுல ரெண்டு பேரு ஹேரல்டுன்னு ஒரு பெரியவரும் அவரு சம்சாரமும். மாப்ள ஆறு தடவ நடந்து அவங்க வீட்டுல பேசிச் சம்மதிக்க வச்சவங்க. அவங்களா எந்திரிச்சு, அவங்களா என் மேசைக்கு வந்தாங்க. நான் கூப்பிடல. சம்படத்தைத் திறந்து கொஞ்சம் அவங்க பக்கமாச் சாய்ச்சு வச்சேன், அம்புட்டுதான். பெரியவரு ஒரு வடையைத் தின்னுட்டுக் கண்ணை மூடிக்கிட்டாரு. ரெண்டாவது வடைக்கு முழங்காலைத் தொட்டுக் காமிச்சாரு, வலிக்குதாம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அந்தம்மாவுக்கும் ஒண்ணு போட்டேன். வயசானவங்களுக்கு உக்கார எடம் குடுக்குறது தப்பா சார்? வண்டியிலயே எழுதிப் போட்டிருக்கே.

நேரம் முடியப்போகுது. மாப்ள தன்னோட மூலையை எண்ணுறாரு. எண்ணுறாரு, மறுபடியும் எண்ணுறாரு. அப்பிடியே சுத்திப் பாத்தவரு, இந்தப் பக்கம் நாற்காலியில உக்காந்து ஹேரல்டு வடை திங்கிறதைப் பாத்துட்டாரு. ஓடி வந்தாரு சார். மாப்ள ஓடி நான் பாத்ததே இல்ல, கல்யாணத்துல தாலி எடுத்துட்டு வரக்கூட நடந்துதான் வந்தாரு. வந்து ஹேரல்டு கையைப் பிடிச்சு என்னமோ சொன்னாரு. பெரியவரு தலையை ஆட்டிட்டு, மேசையில கையை ஊனி, மெதுவா எந்திரிக்கிறாரு. பாதி எந்திரிச்சுட்டாரு.

அப்பத்தான் நான் கண்ணாடியம்மா மூலையைப் பாத்தேன். ஜம்முன்னு நெறஞ்சிருக்கு. நாப்பத்தொண்ணு. நின்னவன் தோளு நின்னவன் தோள்ல இடிக்குது. வண்டி நெறஞ்சா நாம என்ன பண்ணுவோம்? நாக்கை மடிச்சுப் பல்செட்டுல ஒட்டுனேன். ரெண்டு விசில் குடுத்தேன்.

ஆத்தாடி, நூத்தியிருபது பேரும் ஆணி அடிச்ச மாதிரி நின்னுட்டாங்க. ஒருத்தன் வாயில வச்ச வடையை மெல்லவே இல்ல. ஹேரல்டு பாதி உக்காந்து பாதி எந்திரிச்சபடியே நிக்கிறாரு, மாப்ள கை அவரு கையைப் பிடிச்சபடியே இருக்கு. டோரிஸ் அம்மா குனிஞ்சு தன் கழுத்துல தொங்குற விசிலைப் பாக்குது. நான் அடிக்கலையே, எப்பிடிச் சத்தம் வந்துச்சுன்னு பாக்குது. அப்புறம் கடியாரத்தைப் பாத்துச்சு. அரை நிமிஷந்தான் பாக்கி. சரி, இதுக்கு மேல என்னன்னு எண்ண ஆரம்பிச்சுருச்சு.

நெட்டையரு மூலை பதினேழு. தேறல.

ஒரு ஆளு சார். ஒரே ஒரு ஆளு குறைஞ்சுச்சு. மறுபடியும் கால் மணி நேரம் குடுத்தாங்க, தேறாத மூலைக்காரன் வேற மூலைக்குப் போகலாம், இல்லேன்னா ஆளைச் சேத்துத் தேத்தலாம்னு. மாப்ள ஹேரல்டைக் கூப்பிட்டுப் பாத்தாரு. பெரியவரு அந்தப் பாதியில நின்னதுல முழங்கால் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவருதான். "மன்னிச்சுக்கோ நேதன், இனிமே என்னால எந்திரிக்க முடியாது"ன்னுட்டாரு. அவரு வராம அந்தம்மா வராது. மாப்ள மத்த மூலையெல்லாம் ஓடி ஓடிக் கேட்டாரு. அவரு சேத்து வச்சவங்க ஒவ்வொருத்தரா அவரு முதுகைத் தட்டிக் குடுத்துட்டு வேற மூலைக்குப் போனாங்க. கடைசியில அந்த மூலையில மாப்ள மட்டும் நின்னாரு, நெட்டையரு அட்டையைப் பிடிச்சுக்கிட்டு.

எனக்கு அவரைப் பாக்கப் பாவமா இருந்துச்சு. ஆறுதல் சொல்லலாம்னு போனேன். போயி, "பாத்தீங்களா மாப்ள, நான் கார்லயே சொன்னேன்ல!"ன்னேன்.

அதுல இருந்து பேச மாட்டேங்கிறாரு.

பேசவே இல்லேன்னு சொல்லக்கூடாது. "மாமா, தண்ணி வேணுமா?" கேப்பாரு. "ஹீட்டரைக் கூட்டி வைக்கவா?" கேப்பாரு. ஆனா அது பேச்சில்ல, உங்களுக்கே தெரியும். ஒரு நாளு அவரா வந்து உக்காந்தாரு. எனக்குச் சந்தோஷம் தாங்கல. "மாமா, குளிரு உங்களுக்கு ஒத்துக்கல. டிக்கெட்டை முன்னாடி மாத்திட்டேன்"னாரு. பாத்தீங்களா, குளிருன்னு அவரே சொல்லிட்டாரு. நானாச் சொல்லல.

எங்க வீட்டம்மா டிக்கெட்டை மாத்தலையான்னு கேட்டேன். அவளுக்கு அங்க வேலை இருக்காம். டோரிஸ் அம்மா வாரத்துக்கு ரெண்டு நாளு வந்து வடை சுடப் படிச்சுக்கிட்டுப் போகுது. மாவட்டக் கூட்டத்துக்கு முந்நூறு வடை சொல்லியிருக்காங்க, கண்ணாடியம்மா ஆளுக. அந்தக் கண்ணாடியம்மா மாநிலத்துல நாலாவதா வந்துச்சு, அது வேற கதை. மாநிலம் பூரா வடை கெடைக்குமா சார்? நான் சொன்னது அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும். அங்க ஜெயிச்சுச்சா இல்லையா?

கிளம்புறப்போ எங்க வீட்டம்மா வாசல்ல நின்னு ஒரு பார்வை பாத்தா. "ஒங்க வாக்குப் பலிக்கணும்னு அந்தப் புள்ள வாயில மண்ணைப் போட்டுட்டீங்களே"ன்னா. நாப்பது வருஷம் குடும்பம் நடத்துனவ பேசுற பேச்சா இது? பழக்கம் சார். வண்டி நெறஞ்சா விசில் தானா வந்துரும். நாக்குக்கு அயோவா தெரியுமா, அருப்புக்கோட்டை தெரியுமா?

நீங்க ஏன் இப்ப அவளை மாதிரியே பாக்குறீங்க?

சரி. நீங்க முன்னப்பின்னத் தெரியாத ஆளு, உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும். மாப்ள ஹேரல்டு கையைப் பிடிச்சதை நான் பாத்தேன். பெரியவரு எந்திரிச்சதையும் பாத்தேன். மாப்ள மூலையில பதினேழுன்னு எண்ணிட்டேன். ரெண்டு பேரும் திரும்பிப் போயிட்டா பத்தொம்பதுன்னு எனக்குத் தெரியாதா? கடியாரமும் பாத்தேன். டெப்போவுல பிச்சைமணி போனை ஸ்பீக்கர்ல போட்டுச் சிரிக்கிறது காதுல கேட்டுச்சு. முப்பத்தொரு வருஷத்துல, ஆளு ஏறிக்கிட்டு இருக்கும்போது நான் விசில் குடுத்ததே இல்ல சார். படியில ஒரு கால் இருந்தாக்கூடக் குடுக்க மாட்டேன். பின்னால எவன் கத்துனாலும், டிரைவரு ஆரன் அடிச்சாலும், அந்தக் கால் உள்ள வர்ற வரைக்கும் நிப்பேன். அன்னைக்குக் குடுத்தேன். சொந்த மாப்ளைக்கு. எனக்கு அசிங்கமா இருக்கு சார்.

ஒரு நிமிஷம். போனு. அங்கேயிருந்துதான். வாசுகியா... இல்ல, மாப்ள நம்பரு. சார், மாப்ளயே பண்றாரு!

"ஆங், சொல்லுங்க மாப்ள. எறங்கிட்டேன், எறங்கிட்டேன். பஸ்ஸுல இருக்கேன். காரியாபட்டி தாண்டிருச்சு. ஆமா, இட்லி சாப்ட்டேன்... என்ன மாப்ள?... யாரு? நெட்டையரா?... எப்ப? நான் பிளேன்ல இருக்கும்போதா?... மொத்தமாவே விலகிட்டாரா? இனி எந்த மாநிலத்துலயும் நிக்கலையா?...

"என்னது?... நான் சொன்னது பலிச்சுருச்சா?... இல்லையே. நான் எங்க சொன்னேன்?... கார்லயா? கார்ல நான் தூங்கிக்கிட்டுல்ல வந்தேன். இல்ல மாப்ள, நீங்க வேற யாரோ சொன்னதை நினைச்சுக்கிட்டுச் சொல்லுறீங்க. எனக்கு என்ன தெரியும் அமெரிக்கா அரசியல்?... அவரு நல்ல மனுசன் மாப்ள. உசரமான மனுசன். ஜெயிக்க வேண்டிய ஆளு...

"மாப்ள, ஒண்ணு சொல்லணும். அந்த விசிலு. அது பழக்கத்துல அடிச்சதில்ல. பாத்துட்டுத்தான் அடிச்சேன். ஹேரல்டு எந்திரிக்கிறது தெரிஞ்சேதான் அடிச்சேன். அடிக்காம இருந்தா நம்ம மூலை நின்னிருக்கும். நம்ம மூலையைப் பாத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடம் நின்னிருக்கும். அயோவாவே நின்னிருக்கும். உங்க ஆளு இந்நேரம் பிரசிடெண்டா ஆகியிருப்பாரு. நான்தான் மாப்ள கெடுத்துட்டேன். அமெரிக்காவையே கெடுத்துட்டேன்... மாப்ள? லைன்ல இருக்கீங்களா?... சிரிக்கிறீங்களா, அழுகுறீங்களா, ஒண்ணும் வெளங்கல... ஆங்... ஆங்... சரி மாப்ள. சரி. கண்டிப்பா. வைக்கட்டுமா?"

சிரிச்சாரு சார். அம்புட்டுச் சத்தமா அவரு சிரிச்சு நான் கேட்டதே இல்ல. நாலு வருஷங் கழிச்சு மறுபடியும் இதே மாதிரி கூட்டம் வருமாம். "வாங்க மாமா, ஆனா உங்க பல்செட்டை நான் கழட்டி வாங்கி வச்சுக்கிருவேன்"னாரு.

நீங்க என்ன சார் சிரிக்கிறீங்க? உங்களுக்கு மட்டும் இல்ல, டெப்போவுல எவன் கேட்டாலும் சரி, பிச்சைமணியே சத்தியம் பண்ணிச் சொன்னாலும் சரி. நெட்டையரு தேற மாட்டாருன்னு நான் சொல்லவே இல்ல.